கடைசியாகப் பாடியவர்களும் கேட்டில் நின்ற காட்டெருமையும்

நானும் என் நண்பனும் சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடுகிறவர்கள். நான் கிதார், அவன் கஞ்சிரா. மற்ற நேரத்தில் நான் அரவேணுவில் பெயிண்ட் விற்கிறேன். அவன் ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க்.

சென்ற ஆண்டு குன்னூரில் ஒரு காபிக் கடைக்காரம்மா தன் தோட்டத்துத் தகரக் கொட்டகையில் கச்சேரி வைத்தார். எங்களோடு தேவர்சோலையிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் பாட வந்திருந்தார்கள். கணவர் மாண்டலின்; குரல் மனைவியுடையது.

வேறு ஊர்களில் கடைசியாகப் பாடுவதுதான் கௌரவம். எங்கள் மலையில் கடைசிப் பஸ் நேரம் நெருங்கினால் கூட்டம் ஸ்வெட்டர் ஜிப்பை மேலே இழுத்துவிட ஆரம்பிக்கும். பிறகு பாடுகிறவன் நாற்காலிகளுக்குத்தான் பாடவேண்டும். இரண்டு குழுவுக்கும் இது நன்றாகத் தெரியும்.

"தூரத்துல இருந்து வந்திருக்கீங்க. நீங்கதான் கடைசியா பாடோணும்," என்றேன்.

"வேண்டாங்க, இது உங்க பக்கத்து ஊரு. நீங்க முடிச்சாத்தான் மரியாதை," என்றார் அந்த மனைவி.

"உங்க குரலக் கேட்டதுக்கு அப்புறம் எங்கள யாருங்க கேப்பாங்க?" என்றான் நண்பன்.

இந்த உபசாரம் நீண்டுகொண்டே போனது. கடைக்காரம்மா பொறுக்கமாட்டாமல், "ஏனுங்க, வந்தவங்க காத்திருக்கறாங்க," என்று காசைச் சுண்டிவிட்டார். நாங்கள் தோற்றோம்; கடைசி இடம் எங்களுக்கு.

அவர்கள் அற்புதமாகப் பாடினார்கள். நாங்கள் மேடை ஏறியதும் பைகளின் சத்தம் கேட்டது. என் முதல் பாட்டின் சரணத்தில் பாதிக் கூட்டம் வெளியேறியது. நான் கண்ணை மூடிக்கொண்டு பாடினேன். கண்ணைத் திறந்தபோது போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள்.

"பாட்டுக்குத் திரும்பி வந்துட்டாங்கடா," என்று நண்பன் என் காதில் கிசுகிசுத்தான். நானும் நம்பினேன். குரலில் கொஞ்சம் கமகம்கூடச் சேர்த்தேன்.

அப்போது கடைக்காரம்மா வந்து, "யாரும் வெளிய போகாதீங்க. கேட்டுல காட்டெருமை நின்னுட்டிருக்குது," என்றார்.

நண்பன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

எருமை நகர்வதாக இல்லை. கேட் ஓரத்துப் புல் அதற்குப் பிடித்துவிட்டது. எங்களிடம் இருந்த பாட்டெல்லாம் தீர்ந்துபோயிற்று. தேவர்சோலைக்காரர்களை மேடைக்குக் கூப்பிட்டோம். அவர்களுக்கு எங்கள் பாட்டு தெரியாது, எங்களுக்கு அவர்கள் பாட்டு தெரியாது. ஆனாலும் அந்த அம்மா என் பல்லவியைப் பிடித்துக்கொண்டு மேல்ஸ்தாயிக்கு ஏறினார். நான் எழுதிய வரி அவ்வளவு அழகானது என்று அதுவரை எனக்குத் தெரியாது.

முன்வரிசையில் குரங்குக் குல்லாய் போட்டிருந்த ஒருவர், "சினிமாப் பாட்டு ஒண்ணு வரட்டுங்க," என்றார்.

"சொந்தப் பாட்டு மட்டுந்தானுங்க," என்றேன்.

அவர் சற்று யோசித்தார். "அப்ப இப்பப் பாடுனதையே இன்னொருக்கா பாடுங்க."

என் பாட்டை ஒருவர் இரண்டாம் முறை கேட்டது அதுவே முதல் தடவை. நால்வரும் சேர்ந்து பாடினோம். நடுவில் கடைக்காரம்மா வந்து, "மாடு போயிருச்சுங்க," என்றார். இரண்டு பேர் எழுந்தார்கள். மற்றவர்கள் பாட்டு முடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள்.

பஸ் போய்விட்டதால் தேவர்சோலைக்காரர்களின் ஜீப்பில் எங்கள் பக்கத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். குல்லாய்க்காரர் என் மடியில் பாதி உட்கார்ந்திருந்தார்.

"நல்லாப் பாடுனீங்க," என்றார். "ஆனா மாடு வரலீன்னா நான் அப்பவே போயிருப்பனுங்க."

"தெரியுங்க," என்றேன். எனக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.