மூன்றரை வருஷம் ஐந்து வயது

எனக்கு ஐந்து வயது மொத்தம் மூன்றரை வருஷம் இருந்தது. முதல் ஒரு வருஷம் எல்லோருக்கும் வருவதுபோல வந்து போனது. அதில் சொல்ல ஒன்றுமில்லை. மீதி இரண்டரை வருஷம் ஏழு வயதில் ஆரம்பித்து ஒன்பதரையில் முடிந்தது.

அப்போது நாங்கள் தில்லியில், கிட்வாய் நகர் சர்க்கார் குடியிருப்புக்குப் பின்னால் ஓடிய சாக்கடைக் கால்வாயின் கரையில் இருந்தோம். நாற்பது ஐம்பது ஜுக்கிகள், தகரமும் பலகையும் வைத்துக் கட்டிய குடிசைகள். பாதிக்குமேல் சின்னசேலம் பக்கத்து ஆட்கள். ஆண்கள் கட்டட வேலைக்குப் போனார்கள். பெண்கள் பாலத்தைத் தாண்டிக் குடியிருப்பு வீடுகளில் பாத்திரம் தேய்த்தார்கள். அம்மா மூன்று வீடு பார்த்தாள்.

பிள்ளைகளை என்ன செய்வது என்று அங்கே யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. உள்ளே விட்டு வெளியே பூட்டிவிட்டுப் போவார்கள். நாங்களும் அதைக் கொடுமை என்றெல்லாம் நினைக்கவில்லை. தகரச் சுவரைத் தட்டினால் அடுத்த வீட்டில் பூட்டப்பட்டிருக்கும் பிள்ளை பதிலுக்குத் தட்டும். அதுவே ஒரு விளையாட்டு. நான் ஒன்றாம் வகுப்பு போய்க்கொண்டிருந்தவரை அம்மா கைக்குழந்தையான தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டே வேலைக்குப் போனாள். அந்த வீடுகளில் முகம் சுளித்தார்கள். கோடை விடுமுறை வந்ததும் பாப்பாவை என்னோடு உள்ளே விட்டுப் பூட்டினாள்.

ஒரு முற்பகலில் இரண்டு வீடு தள்ளி ஒயர் பற்றிக்கொண்டது. புகை எங்கள் கூரைக்குள் இறங்கியது. நான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கதவோடு ஒட்டி நின்றேன். வெளியே யாரோ கடப்பாறையால் பூட்டை உடைக்கிற சத்தம் வெகுநேரம் கேட்டது. உடைந்தது, வெளியே வந்தோம், இருமினோம், அவ்வளவுதான். எங்கள் வீடு எரியக்கூட இல்லை. அம்மா ஓடிவந்து, உடைந்த பூட்டை எடுத்துக் கால்வாயில் எறிந்தாள். இனிமேல் பூட்ட மாட்டேன் என்றாள். பாப்பா என் சட்டையைப் பிடித்த பிடியை விடவில்லை. அடுத்த நாளும் விடவில்லை.

பக்கத்துக் கோயிலை ஒட்டி ஒரு பெரிய அறையில் பால்வாடி நடந்தது. தர்ம காரியம் செய்கிற ஏதோ ஒரு சங்கம் நடத்தியது. ஒரு வயதிலிருந்து ஐந்து வயதுவரை பகல் முழுக்கப் பார்த்துக்கொள்வார்கள். மத்தியானம் கிச்சடி உண்டு. அம்மா பாப்பாவை அங்கே கொண்டுபோய் விட்டாள். மூன்று நாள் அவள் அழுதாள், வாந்தி எடுத்தாள், மறுபடி அழுதாள். பால்வாடியைப் பார்த்துக்கொண்ட பெண்ணை எல்லோரும் தீதி, அதாவது அக்கா, என்போம். நான்காம் நாள் தீதி கையை விரித்துவிட்டாள். இந்தக் குழந்தை இங்கே இருக்காது, கூட்டிப்போ என்றாள். அம்மா வேலை செய்த வீடுகளில் ஒன்று ஏற்கெனவே வேறு ஆள் தேடிக்கொண்டிருந்தது. ஒன்று அந்த வேலை கையைவிட்டுப் போகும், இல்லையென்றால் புதுப் பூட்டு வாங்க வேண்டும்.

அப்போதுதான் அம்மாவும் அப்பாவும் என்னைப் பற்றி நினைத்தார்கள். கூட நான் இருந்தால் பாப்பா அழ மாட்டாள். ஏழு வயதுப் பையனைச் சேர்க்க மாட்டார்கள். ஐந்து என்றால் சேர்ப்பார்கள். எனக்கு வளர்த்தி இல்லாத உடம்பு. அதுவரை அது குறையாக இருந்தது.

"காதைத் தொடச் சொல்லுவாங்களே" என்றார் அப்பா.

அவருக்குத் தெரிந்த வயதுச் சோதனை அது ஒன்றுதான். அவருடைய ஊர்ப் பள்ளிக்கூடத்தில், வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார்களாம். தொட்டுவிட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது, ஒன்றாம் வகுப்பில் உட்காரலாம். அப்பாவுக்கு எட்டவில்லை. அடுத்த வருஷமும் கொஞ்சத்தில் தவறியது. அதற்குள் ஆடு மேய்க்க ஆள் தேவைப்பட்டுவிட்டது. தில்லியில் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை என்று கேட்பார்கள், காதை யாரும் கேட்க மாட்டார்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

ஆகவே எனக்குப் பயிற்சி ஆரம்பித்தது. ஒரு வாரம், சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் அப்பா என்னை வாசலில் நிறுத்துவார். எனக்குக் காதென்ன, தாடைவரைக்கும் எட்டும். எட்டாமல் செய்வதுதான் பாடம்.

"முழங்கையை உள்ளாற மடக்குடா. ஆங், அங்கியே நிறுத்து. மூஞ்சியை முக்கற மாதிரி வெச்சுக்க. சும்மா சிரிச்சிக்கிட்டு நின்னா எவன் நம்புவான்?"

பக்கத்து வீட்டு ஆட்கள் பீடியோடு வந்து உட்கார்ந்து பார்த்தார்கள். ஒருவர், "மாமா, பையனை சர்க்கஸுக்கு அனுப்பப் போறியா?" என்று கேட்டார்.

அம்மா பாத்திரத்தை நகர்த்துகிற சாக்கில் வெளியே வந்தாள். "ஊர்ல புள்ளைய பள்ளிக்கூடத்துல சேக்க காதைத் தொடுடாம்பாங்க. இந்த மனுசன் தொடாதடாங்கறாரு. நல்ல அப்பன்."

"அப்ப நீயே பூட்டிட்டுப் போ" என்றார் அப்பா. அம்மா உள்ளே போய்விட்டாள்.

சேர்க்கிற அன்று தீதி நோட்டைத் திறந்து, "உமர் கித்னி?" என்று வயதைக் கேட்டாள். அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய், காதுக்கு நாலு விரற்கடை முன்னால் நிறுத்தி, முக்கிக்கொண்டு நின்றேன். தீதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலையில் பேன் என்று நினைத்தாள். என்னை வெளிச்சத்துக்கு இழுத்து முடியைப் பிரித்துப் பார்த்தாள். அதற்குள் அம்மா "பாஞ்ச்" என்று சொல்ல, ஐந்து என்று எழுதிக்கொண்டாள். சான்றிதழ் ஊரில் இருக்கிறது என்றாள் அம்மா. எல்லோருடைய சான்றிதழும் ஊரில்தான் இருந்தது.

அப்படியாக மறுபடி ஐந்து வயதுப் பிள்ளையானேன். கஷ்டமான வேலை ஒன்றுமில்லை. எனக்கு எழுதத் தெரிந்த எழுத்தை எழுதத் தெரியாததுபோல இருக்க வேண்டும். தீதி சுவரில் ஒட்டிய படத்தைக் காட்டி மாம்பழம் என்றால், நானும் முதல் தடவை கேட்கிற முகத்தோடு மாம்பழம் என்று கத்த வேண்டும். மத்தியானம் எல்லோரும் ஜமக்காளத்தில் தூங்குவார்கள். எனக்குத் தூக்கம் வராது. சும்மா கிடக்கிறேனே என்று தீதி மூக்கு துடைக்கும் துணியை என்னிடம் கொடுத்தாள். பிறகு கிச்சடித் தட்டு அடுக்குவது, அழுகிற குழந்தையைத் தட்டிக்கொடுப்பது, ஈரம் செய்த ஜட்டியை மாற்றுவது எல்லாம் என்னிடம் வந்தன. தீதி என்னை 'என் சிங்கம்' என்பாள். பாப்பா என் மடியிலேயே சிரிக்கப் பழகினாள்.

ஒன்றாம் வகுப்பில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவன் பையை மாட்டிக்கொண்டு ஜன்னல் வழியாகப் போவான். "ஏ சோட்டே, தூத் பீ லியா?" என்று கேட்பான். பால் குடித்தாயா சின்னவனே என்று அர்த்தம். நான் பதில் சொல்ல மாட்டேன். ஐந்து வயதுக்காரன் என்ன பதில் சொல்வான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

குளிர்காலத்தில் விவகாரம் வந்தது. கிச்சடிக்காகப் பெரிய பிள்ளைகளையும் உள்ளே வைத்திருக்கிறார்கள் என்று யாரோ சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். பெரிய மேடம் ஒருவர் நேரில் வந்து பார்ப்பார், வயது மீறிய பிள்ளைகளை எடுத்துவிடுவார் என்று தீதி அம்மாவிடம் சொன்னாள். அம்மா அன்று வேலைக்குப் போகவில்லை. எனக்கு முன்பற்கள் இரண்டும் விழுந்து, புதுப்பற்கள் அகலமாக முளைத்திருந்தன. மேடம் காரைவிட்டு இறங்கும்போது அம்மா என் காதருகே குனிந்தாள்.

"வாயை மூடிக்கிட்டே நில்லுடா. பல்லைக் காட்டின, தொலைச்சுப்புடுவேன்."

மேடம் சட்டென்று திரும்பினார். "தமிழா? எந்த ஊரும்மா?"

தமிழ் பேசுகிற பெரிய அதிகாரி வருவார் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. அம்மா சேலை நுனியை இழுத்துவிட்டுக்கொண்டாள். "சின்னசேலம் பக்கம், மேடம்."

"பையனுக்கு என்ன வயசு?"

"அஞ்சு, மேடம்."

மேடம் என்னைப் பார்த்தார். மாநிறம், மூக்குக்கண்ணாடி, சால்வை. லேசாகச் சிரித்துக்கொண்டே, "தம்பி, கையைத் தலைக்கு மேல போட்டுக் காதைத் தொடு பார்ப்போம்" என்றார்.

அப்பா சொன்னது இத்தனை மாதம் கழித்து, அதுவும் தில்லியில் பலித்தது. நான் பயப்படவில்லை. உலகத்திலேயே எனக்கு நன்றாகத் தெரிந்த வித்தை அதுதான். கையைக் கொண்டுபோனேன். முழங்கையை மடக்கினேன். விரல்கள் காதை நோக்கி நடுங்கும்படி செய்தேன். முக்கினேன். நாலு விரற்கடை இருக்கும்போது நின்றேன். அதைவிடச் சுத்தமாக ஒருவன் காதைத் தொடாமல் இருக்க முடியாது.

மேடம் அருகில் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். மெதுவாகக் கீழே இழுத்துப் பார்த்தார். நான் கையை இரும்பாக வைத்துக்கொண்டேன். இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்திருந்தால் கழுத்துவரை வந்திருக்கும். முக்கியதில் என் வாய் திறந்துவிட்டது. அவர் என் பல்லையும், தோளில் கிடந்த மூக்குத் துணியையும், என் காலைக் கட்டிக்கொண்டு நின்ற பாப்பாவையும் பார்த்தார். பிறகு கையை விட்டுவிட்டார்.

"இன்னும் எட்டலை" என்று சொல்லி, தீதியின் நோட்டில் கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலம் அப்பா ஜிலேபி வாங்கி வந்தார். என்னை வாசலில் நிறுத்தி எல்லோருக்கும் மறுபடி செய்துகாட்டச் சொன்னார். "பெரிய ஆபீசரையே ஏச்சுட்டான்" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். அம்மா ஜிலேபி சாப்பிடவில்லை. அவளுக்கு இனிப்பு பிடிக்காது என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு தீதியின் நோட்டில் நான் ஐந்திலேயே நின்றேன். பாப்பாவுக்கு நாலு வயதானதும் அவளைப் பள்ளிக்கூடத்து நர்சரியில் சேர்த்தார்கள். நானும் அன்றைக்கே பால்வாடியிலிருந்து நின்று இரண்டாம் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். என் பழைய பெஞ்சுக்காரன் அப்போது நாலாம் வகுப்பில் இருந்தான். நான் ஆறு வரைக்கும் போனேன். மீசை முளைத்துவிட்டது, வெளியே வந்துவிட்டேன். அதன்பிறகு சூரத்தில் சாயப்பட்டறை, லூதியானாவில் சைக்கிள் பட்டறை, கோவாவில் மீன் படகு, இன்னும் நாலைந்து ஊர். ஓரிடத்தில் ஒரு வருஷம் இருந்தால் கால் அரிக்கும். பாப்பா பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, மயூர் விஹாரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். பால்வாடியைப் பற்றிக் கேட்டால், அப்படி ஒன்று இருந்ததா என்கிறாள்.

மேடம் கிளம்பிய நேரத்தில் நடந்த ஒன்று பாக்கி இருக்கிறது. வாசற்படியில் செருப்பை மாட்டிக்கொண்டே அம்மாவிடம் கேட்டார்.

"பாப்பாவுக்கு என்ன வயசாகுது?"

"ரெண்டு, மேடம்."

"நாலு வயசுலதான ஸ்கூல்ல எடுப்பாங்க?"

"ஆமா, மேடம்."

"அப்ப இன்னும் ரெண்டு வருஷம்."

அம்மா தலையைக் குனிந்துகொண்டு, "ரெண்டே வருஷந்தான், மேடம்" என்றாள். மேடம் திரும்பி மறுபடி என்னைப் பார்த்தார். பையிலிருந்து ஒரு பிஸ்கட் பொட்டலத்தை எடுத்து, பாப்பாவைத் தாண்டி, என்னிடம் நீட்டினார்.

ஜெயித்ததற்குக் கொடுக்கிறார் என்று நினைத்து வாங்கிக்கொண்டேன். பாப்பாவுக்குத்தான் இரண்டு வருஷம் எண்ணுகிறார்கள் என்றும் நினைத்தேன்.