எலும்பம்மா வீட்டில் ஒரு கால்

ஆய்வகத்தில் அவளுக்கு எலும்பம்மா என்று பெயர். எலும்பை வளர்க்கச் சொல்லும் ஒரு புரதம் செல்லுக்குள் எப்படிச் சேதி அனுப்புகிறது என்று வருடக்கணக்காக ஆராய்கிறவள். இது புரியாத சொந்தக்காரர்கள் மூட்டுவலிக்கு மாத்திரை கேட்பார்கள். அவளும் சளைக்காமல், "நான் அந்த டாக்டர் இல்ல" என்று ஆரம்பித்துப் பாடம் நடத்திவிட்டுத்தான் ஓய்வாள். கேட்டவர்களுக்கு வலியே தேவலை என்று ஆகிவிடும்.

அப்படிப்பட்டவள் வீட்டில், பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அப்பா குளியலறையில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டார். கட்டுப் பிரித்தாயிற்று. எலும்பு கூடிவிட்டது, இனி ஊன்றி நடந்தால்தான் பலப்படும், இல்லாவிட்டால் கட்டிலே கதி என்றார் மருத்துவர். அப்பாவோ காலைத் தரையில் வைப்பதாக இல்லை. தினமும் காலையில் அவள் தோளில் பையோடு அறை வாசலில் நின்று, "நடங்கப்பா" என்பாள். "ஆகட்டும்மா" என்பார். சாயங்காலம் வந்து பார்த்தால் போர்வைகூடக் கலைந்திருக்காது. எலும்பையே கரைத்துக் குடித்தவளுக்கு இந்த ஒரு கால் பெப்பே காட்டியது.

ஒரு நாள் பொறுமை போய், வாசலில் நின்றபடியே பாடத்தைத் தொடங்கினாள்.

"அந்தப் புரதம் செல்லுக்குள்ள போகவே போகாதுப்பா. செல்லோட மேல சேதி வாங்குற ஏற்பி ரெண்டு வகை இருக்கு. புரதம் வந்து அதுங்களைச் சேத்துப் பிடிக்கும், அவ்வளவுதான். ஒண்ணு இன்னொண்ணை உசுப்பும், அது உள்ள இருக்கிற தூதனைத் தட்டி எழுப்பும்."

"அந்தத் தூதன் நேரா போய் எலும்பை வளக்கச் சொல்லிடுவானா?"

"எங்க? இன்னொரு புரதம் துணைக்குச் சேரணும். ரெண்டும் ஒண்ணா உட்கருவுக்குள்ள போய்த்தான் மரபணுவை முடுக்கிவிடும். தனியா போனா வேலைக்காகாது."

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கண்ணுக்கே தெரியாததுக்குக்கூடத் துணை வேணுங்கிற. நேத்து நான் எந்திரிச்சேன்மா. பிடிச்சுக்க ஆளில்ல. பயமா இருந்துச்சு, உக்காந்துட்டேன்."

அவர் முரண்டு பிடிப்பதாக ஆய்வகம் முழுக்கச் சொல்லிச் சிரித்தவள் எலும்பம்மாதான். வெட்கமும் அழுகையும் சேர்ந்தே வந்தன. பையை இறக்கிவிட்டு உள்ளே போய்த் தோளைக் கொடுத்தாள்.

அவர் எழுந்தார். பாதிப் பாரம் அவள் மேல் இறங்கியது. பாதம் தரையைத் தொட்டதும் அவள் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"விட்டுடாதம்மா" என்றார், பஸ் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையெல்லாம் ஓட்டிய மனுஷர்.