அயலவர் கையெழுத்து

லிபெர்த்தா வீதியில் நான் பராமரிக்கும் கிழவி ஒரு அமெரிக்காக்காரி. சிசிலிக்காரன் ஒருவனைக் கட்டி இளவயதில் இத்தாலிக்கு, இந்தப் பலெர்மோவுக்கு வந்தவள். புருசன் செத்துவிட்டான். ஒரே மகன் கணக்காளன். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் வேலை ஒப்பந்தம் பதிந்து கொடுப்பதுதான் அவன் பிழைப்பு. எனக்கு மட்டும் பதியவில்லை.

காலையில் கிழவியைக் குளிப்பாட்டி, கோப்பி கொடுத்து, மேசையில் இருத்தினால் என் வேலையில் பாதி முடிந்துவிடும். மற்றப் பாதி அவள் வாசிப்பதைக் கேட்பது. அவள் பிறந்த இடத்து மாவட்ட நீதிமன்றத்தின் பழைய தாள்களைப் பிரதி எடுத்து மேசை முழுக்கப் பரப்பி வைத்திருக்கிறாள். அமெரிக்காவின் தெற்குப் பக்கம், கறுப்புச் சனங்களை அடிமைகளாக வைத்திருந்த காலம். ஒருவன் செத்தால் அவனுடைய மாடு யாருக்கு, கட்டில் யாருக்கு, மனிதர்கள் யாருக்கு என்று எல்லாம் ஒரே தாளில் இருக்கும். பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்து எனக்கு இத்தாலியனில் சொல்லுவாள்.

எனக்கோ கேட்கிற நிலைமை இல்லை. பெர்மெஸ்ஸோ, இந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதி, முடியப் போகிறது. அதைக் குவெஸ்தூராவில், பொலிஸ் தலைமையகத்தில், புதுப்பிக்க வேலை ஒப்பந்தம் வேண்டும். போன முறை வேலை தேடுகிறவள் என்று காட்டி அனுமதி எடுத்தேன். இந்த முறை அது எடுபடாது. என் மகளின் பெர்மெஸ்ஸோவும் என்னுடையதோடுதான் கட்டப்பட்டிருக்கிறது. என்னுடையது போனால் அவளுடையதும் போகும். வீடு இருக்கும் பிரான்காச்சோவுக்குப் போகும் பஸ்ஸில் பொலிஸ்காரன் ஏறினாலே அடுத்த தரிப்பில் இறங்கிவிடுவேன்.

கணக்காளனிடம் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில். "அடுத்த மாசம் பாப்பம். அம்மாவைக் காசாவிலை விடுறதோ எண்டு யோசிச்சுக்கொண்டிருக்கிறன்." காசா என்றால் முதியோர் இல்லம்.

வீட்டில் மகள் வேறு. "அம்மா, பஸ்தா, போதும்! அந்தாளோடை கதைச்சுப் பிரயோசனம் இல்லை. அந்தாளின்ரை அம்மா, சிஞ்ஞோராவோடை கதையுங்கோ. உங்களுக்கு வாய் எங்களிட்டை மட்டும்தான்."

அது எனக்குச் சுட்டது.

அடுத்த நாள் கிழவி துணி தோய்க்கிற ஒருத்தியின் விண்ணப்பத்தை எடுத்தாள். எசமான் சாகும்போது அவளை விடுதலை செய்து எழுதி வைத்திருக்கிறான். விடுதலையானவள் ஒரு வருடத்துக்குள் அந்த மாநிலத்தை விட்டே போக வேண்டும், போகாவிட்டால் பிடித்து விற்கலாம் என்பது சட்டம்.

"புருசன் பிள்ளையள்?" என்று கேட்டேன்.

"பக்கத்துத் தோட்டக்காரன்ரை ஆக்கள்."

"ஆக்கள் எண்டால்?"

"சொத்து," என்றாள். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

அவர்களை விட்டுவிட்டுப் போக முடியாததால்தான் இங்கேயே இருக்க விடுங்கள் என்று கோர்ட்டைக் கேட்டிருக்கிறாள். கீழே அயலில் இருந்த வெள்ளைக்காரர்கள் சாட்சி சொல்லிக் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். கொல்லன், கடைக்காரன், பாதிரி. நேர்மையானவள், சுத்தமானவள், யாரோடும் சண்டைக்குப் போகாதவள்.

"இந்தா பார், என்ரை தாத்தாவின்ரை தாத்தா," என்று ஒரு கையெழுத்தின் மேல் விரலை வைத்தாள். முகம் மலர்ந்திருந்தது.

"அவரிட்டையும் அடிமையள் இருந்தவையோ?"

"இருந்தவை."

"அவையளை ஏன் விடேல்லை?"

"அது வேறை கதை."

"கோர்ட் என்ன சொன்னது?"

"அடுத்த அமர்விலை பாப்பம் எண்டு தள்ளி வைச்சிருக்கு. பிறகு கோர்ட்டுக் கட்டடம் எரிஞ்சு பாதிப் புத்தகங்கள் போச்சு. அடுத்த அமர்வின்ரை புத்தகம் இல்லை."

கோப்பிக் கோப்பையை எடுத்துக்கொண்டு போகப் பார்த்தேன், முடியவில்லை. திரும்பி வந்து சொல்லிவிட்டேன்.

"சிஞ்ஞோரா, எனக்கும் ஒரு தாள் வேணும். உங்கடை மோன் அடுத்த மாசம், அடுத்த மாசம் எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் உங்களிட்டைக் களவாத்தான் வேலை செய்யிறன்."

அவளுக்கு உண்மையாகவே தெரிந்திருக்கவில்லை. "நான் பாக்கிறன்," என்றாள்.

அடுத்த நாள் நான் போனபோது வீட்டுக் கதவு திறந்திருந்தது. கட்டிலில் ஆள் இல்லை, கைத்தடியும் இல்லை. லிஃப்ட் பழுது. விழுந்து செத்துக் கிடக்கிறாள், பழி என் தலையில்தான் விழப்போகிறது என்று நினைத்துக்கொண்டு படியில் ஓடினேன். இரண்டு மாடி கீழே, மருந்துக்கடைக்காரியின் கதவடியில் நின்றாள். கட்டடத்துக் காவல்காரி ஒரு பக்கம் தாங்கிப் பிடித்திருந்தாள். கிழவியின் கையில் ஒரு தாள்.

"உனக்காகத்தான்! எல்லாரும் கையெழுத்து வைச்சவை. மேல்வீட்டு வக்கீலும் வைச்சவர்."

வாசித்தேன். இந்தப் பெண் இந்த வீட்டில் நெடுநாளாக வேலை செய்கிறாள், நேர்மையானவள், சுத்தமானவள், இவள் எதையும் களவெடுத்ததாக நாங்கள் கேள்விப்படவில்லை. கீழே கட்டடம் முழுக்கக் கையெழுத்து.

"இதைக் கொண்டுபோய்க் குவெஸ்தூராவிலை குடுத்தால் மூக்குத்தான் துடைப்பினம்," என்றேன். "அயலட்டையின்ரை கையெழுத்து எனக்கு என்னத்துக்கு? ஒப்பந்தத்திலை உங்கடை கையெழுத்துத்தான் வேணும். களவெடுக்காதவள் எண்டு என்னைப் பற்றி எழுதுங்கோ எண்டு ஆர் கேட்டது?"

காவல்காரி, "பாவம், வயசான மனுசி, அப்பிடிக் கதைக்காதை," என்றாள். தாளைக் கிழவியிடமிருந்து பிடுங்கிப் பைக்குள் வைத்தேன். ஒவ்வொரு படியாக அவளை மேலே ஏற்றினேன். இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

மத்தியானம் மகன் வந்து நின்றான். காவல்காரி போன் பண்ணியிருக்கிறாள். முகம் வெளிறியிருந்தது.

"அம்மாவைப் பிச்சைக்காரி மாதிரிக் கதவு கதவா விட்டது நீயோ?"

"நான் விடேல்லை, தொத்தோரே. அவவாத்தான் போனவ."

"நெடுநாளா வேலை எண்டு எழுதியிருக்காம். வக்கீலும் கையெழுத்து வைச்சிருக்கிறாராம். ஒப்பந்தம் இல்லாமல் ஆள் வைச்சிருக்கிறன் எண்டு தெரிஞ்சால் என்ரை தொழில் என்னாகும்? தா அந்தத் தாளை."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. குவெஸ்தூராவில் ஒன்றுக்கும் உதவாத தாள் இவனை நடுங்க வைத்திருக்கிறது.

"முதல்லை ஒப்பந்தம்," என்றேன். தாள் இருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

அந்த நீதிமன்றத் தாள்களின் மேலேயே கம்ப்யூட்டரை வைத்துப் பதிந்தான். கிழவி கையெழுத்துப் போட்டாள். மாதக்கணக்காக முடியாதது அவளுடைய சூப் ஆறுவதற்குள் முடிந்தது. இவ்வளவுதானா என்று நினைக்க எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

அவன் கையை நீட்டினான். கிழவியும் நீட்டினாள். "எனக்குத் தா. இதுகளோடை சேத்து வைக்கிறன்."

"ஒருத்தருக்கும் தரமாட்டன்," என்றேன். "பெர்மெஸ்ஸோ முதல்லை கைக்கு வரட்டும்."

அவன் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனான்.

ஒப்பந்தத்தோடு விண்ணப்பித்து விரலடையாளமும் கொடுத்துவிட்டேன். குவெஸ்தூராவிலிருந்து இன்னும் செய்தி இல்லை. நாளுக்குப் பலமுறை போனைப் பார்க்கிறேன். ஒப்பந்தத்தை அவன் எப்போது ரத்து செய்வான் என்ற பயத்தோடுதான் அந்தப் படிகளில் ஏறுகிறேன். தாள் என் பையில் இருக்கிறது. அவனுக்கும் அது தெரியும்.