காலரக்காவின் கண்ணுக்குள் போன ஊசிமுனை

காலர் வைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதனால் அந்தத் தையல் ஃபாக்டரியில் எல்லாருக்கும் அவள் காலரக்கா. கை ஓடும் வேகத்துக்கு வாயும் ஓடும்.

நாத்தனாரின் புது சோபாவைப் பற்றி வாய் ஓடிக்கொண்டிருந்தபோது ‘டக்’கென்று ஊசி உடைந்தது. உடைந்த துண்டெல்லாம் கிடைத்துப் பொருந்தும்வரை மெஷினைத் தொடக்கூடாது என்பது அங்கே சட்டம். குழந்தைச் சட்டைக்குள் ஊசிமுனை போய்விட்டால் யார் பதில் சொல்வது?

சூப்பர்வைசர் காந்தத்தோடு ஓடி வந்தார். மேல்பாதி கிடைத்தது, முனையைக் காணோம். துணியை உதறினார்கள், மேசைக்கடியில் தவழ்ந்தார்கள். காலரக்காவின் கொண்டையைக்கூட விட்டுவைக்கவில்லை.

“சீக்கிரம் தேடுங்க சார், என் டார்கெட் போச்சு. கண்ணுல வேற தூசி. ஒரே புகையா தெரியுது.”

காந்தம் அந்தரத்தில் நின்றது.

“அக்கா, கையை எடுங்க! கண்ணைத் தொடாதீங்க!”

“என் கண்ணை நான் தொடக்கூடாதா?”

“நாம தேடுற முனை அங்கதான் இருக்கு.”

காலரக்கா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

கண்ணில் அழுந்தாதபடி காகிதக் கப் ஒன்றைக் கவிழ்த்து, பிளாஸ்திரி ஒட்டி, ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை.

“கருவிழியைத் துளைச்சு, உள்ள லென்ஸ்ல குத்தி நிக்குது. எடுத்துட்டுத் தையல் போடணும். பார்வை எவ்வளவு திரும்பும்னு இப்ப சொல்ல முடியாது.”

“இந்தக் கண்ணால நூல் கோக்க முடியுமா டாக்டர்?”

“பார்க்கலாம்மா.”

புருஷன் காபி பிளாஸ்க்கும் கையுமாக மூச்சிரைக்க வந்தார். ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு சொட்டுக்கூட ஆகாது என்று நர்ஸ் தடுத்துவிட்டாள்.

“அப்ப நான் குடிக்கட்டுமா?”

“குடிங்க, குடிங்க. உங்களுக்குத்தான் ரெண்டு கண்ணும் நல்லாயிருக்கே.”

காலரக்கா சிரித்துவிட்டாளே தவிர, கை அவர் சட்டையை விடவில்லை. உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது டாக்டரிடம், “என்ன நூல் போடுவீங்க?” என்றாள்.

“தலைமுடியைவிட மெல்லிசு. ஊசியோடவே சேர்ந்து வரும்.”

“கோக்கவே வேண்டாமா! கொடுத்து வெச்சவங்க,” என்றாள். அதற்குள் மயக்கமருந்து அவளை இழுத்துக்கொண்டது.

கட்டைப் பிரித்தபோது வெறும் வெளிச்சம், அதில் ஒரு கை ஆடுவதுபோல நிழல். அவ்வளவுதான். அதற்கே டாக்டரம்மா திருப்தியாகத் தலையாட்டினார். கலங்கிப்போன லென்ஸை மாற்ற இன்னொரு ஆபரேஷன், பிறகு தையல் பிரிப்பு, பிறகு கண்ணாடி என்று மாதங்கள் இழுத்தன.

வேலைக்குத் திரும்பிய அன்று அவள் நேராகப் போய் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். அடிபடாத இடது கண்ணைப் பொத்திக்கொண்டு நூலை ஊசிக்கிட்டே கொண்டுபோனாள். விலகியது. நுனியை ஈரமாக்கினாள். மறுபடி விலகியது. இன்னொரு தரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நீட்டினாள்.

“ஏறிடுச்சு!”

போட்ட சத்தத்தில் பக்கத்து மெஷின்காரி பெடலைத் தாறுமாறாக மிதித்துவிட்டாள்.

“மெதுவாடி! ஊசியை உடைச்சுத் தொலைக்காத!”