மூன்றாவது தண்ணீர்

என் தம்பி முப்பத்தொரு வருஷம் தண்ணீர் லாரி ஓட்டியவன். ஊரார் குளிக்கத் தண்ணீர் இறக்கிவிட்டு, இவன் மட்டும் உடம்பெல்லாம் புழுதியாக வீட்டுக்கு வருவான். தெருவில் அவனுக்கு டேங்கர் என்றுதான் பெயர்.

லாரி சீட்டு அவன் இடுப்பைத் தின்றுவிட்டது. வேலையை விட்டபோது குனிந்து செருப்பு வாரை மாட்டக்கூட முடியாது. பொண்டாட்டிதான் மாட்டிவிடுவாள். அவள் பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள், ஏழரைக்கே கிளம்ப வேண்டும். போகும்போது மாட்டிவிட்டுப் போவாள். இவன் சாயங்காலம்வரை வீட்டுக்குள்ளேயும் செருப்போடு திரிவான், கழற்றினால் திரும்ப மாட்ட ஆளில்லை என்று. நான் இருக்கிறேன், ஆனால் என் முட்டி மடங்காது. புருஷன் செத்த பிறகு இவர்களோடு இருக்கிறேன். அடுப்பும் துணியும் என் பொறுப்பு. அவன் செருப்புத் தடத்தைத் துடைப்பதும் என் பொறுப்பு.

அப்படி இருந்தவன் ஒருநாள் ஒரு பெரிய தொட்டியோடு வந்து இறங்கினான். அவன் தண்ணீர் கொடுத்துவந்த ஓட்டலை இடித்தார்களாம், அங்கே கிடந்ததாம். நான்கு பேர் கால் நீட்டி உட்காரலாம். பின்பக்கம் நான் துணி காயப்போடும் கொடியை அறுத்துவிட்டு அந்த இடத்தில் வைத்தான்.

“இதுக்குப் பேரு ஹாட் டப், அக்கா. வெந்நீர் சுத்திச்சுத்தி வந்து இடுப்பப் பிடிச்சு விடும்.”

“இடுப்ப அது பிடிக்கும். அது குடிக்கிற தண்ணிக்கு யாருடா பதில் சொல்றது?”

“ஒரு தடவை ரொப்பினா மாசக்கணக்கா வரும். மூடி இருக்கு, மருந்து இருக்கு, வடிகட்டி இருக்கு. நான் தண்ணியிலயே பொழச்சவன். எனக்கு நீ தண்ணி கத்துத் தர்றியா?”

பொய் சொல்ல மாட்டேன், தொட்டி வேலை செய்தது. மூன்றாவது வாரம் அவனே குனிந்து செருப்பை மாட்டினான். அவன் பொண்டாட்டி வாசலில் நின்று அழுதுவிட்டாள். நானும் ஒருநாள் இறங்கிப் பார்த்தேன். முட்டி இரண்டும் யாரோ புதிதாக வாங்கிக் கொடுத்த மாதிரி இருந்தது.

அப்புறம் மழை இல்லாமல் போயிற்று. வீட்டுக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று தண்ணீர்க்காரர்கள் அளவு வைத்தார்கள். மீறினால் மஞ்சள் சீட்டு. இரண்டு மஞ்சளுக்கு மேல் போனால் சிவப்பு. சிவப்பு வந்தால் குழாய்க்குள் ஒரு தகடு வைத்துவிடுவார்கள், நூல் மாதிரிதான் தண்ணீர் வரும். எனக்கு எழுத்து தெரியாது, நிறம் தெரியும். தொட்டித் தண்ணீரை மாற்றி ரொப்பிய மாசம் ஒரு மஞ்சள் வந்தது. அடுத்த மாசம் இன்னொன்று. இனி தொட்டியில் இருக்கும் தண்ணீர்தான், மழை வரும்வரை மாற்ற வழியில்லை. அது கெட்டால் அவன் இடுப்பும் கெட்டது.

அன்றிலிருந்து எங்கள் உயிரை எடுத்தான். ஆளுக்கு ஒரு வாளிக் குளியல். அரிசி கழுவிய தண்ணீர் பாத்திரத்துக்கு, பாத்திரத் தண்ணீர் கக்கூஸுக்கு. நான் குழாயைத் திறந்தால் எங்கிருந்தாலும் காது கொடுத்துக் கேட்பான்.

“அக்கா, என்ன இவ்வளவு நேரம்?”

“கை கழுவுறேன்டா. உள்ள வந்து பாக்குறியா?”

கடைசியில் துணி மெஷினிலும் கை வைத்தான். அது மூன்று தடவை தண்ணீர் பிடிக்கும். ஒன்று சோப்புக்கு, இரண்டு அலசலுக்கு. எழுத்தைப் பார்த்து அல்ல, சத்தத்தைக் கேட்டு எனக்குத் தெரியும். இவன் திருகைத் திருப்பி ஓர் அலசலோடு நிற்கிற மாதிரி வைத்து, யாரும் தொடாதபடி அதன் மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டான்.

“டேய், ஒரு அலசல்ல சோப்பு போகாது.”

“போகும். வாரத்துக்கு எத்தனை வாளி மிச்சம் தெரியுமா?”

துணியெல்லாம் தொட்டால் வழவழவென்று இருந்தது. என் ரவிக்கை கழுத்தை அரித்தது. சொன்னேன். வெயில் என்றான். மறுபடி சொன்னேன். வயசு என்றான். நான் வாயை மூடிக்கொண்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பின்பக்கமிருந்து கத்தினான். போய்ப் பார்த்தால் தொட்டி பொங்கிய பால் மாதிரி நிற்கிறது. தண்ணீரைச் சுழற்றும் விசையைப் போட்டதும் நுரை விளிம்பைத் தாண்டித் தரையில் வழிகிறது. நடுவில் இவன் தலை மட்டும் தெரிகிறது.

“நீ மறுபடி இறங்கினியாக்கா? முட்டிக்குத் தடவுற தைலத்தோட?”

“நான் இறங்கியே ரெண்டு மாசமாச்சு.”

“அப்ப அந்த எண்ணெய் இப்ப வேலையக் காட்டுது. படிச்சுப் படிச்சு சொன்னேன், தைலத்தோட இறங்காதன்னு!”

நுரைக்கு என்று ஒரு மருந்தை ஊற்றினான். அடங்கியது. விசையைப் போட்டான். திரும்பவும் பொங்கியது. மூன்று நாள் இதே கூத்து. மூன்று நாளும் அக்கா தைலம், அக்கா முட்டி. நாலாம் நாள் அவன் பொண்டாட்டி முதுகெல்லாம் தடிப்போடு வந்து நின்றாள்.

“அண்ணி, இது தைலம் மாதிரி எனக்குத் தெரியல. நேத்து அந்தத் தண்ணியில இறங்கினதுதான், விடிய விடிய சொறிஞ்சேன்.”

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. வாசல் பக்கம் நான் கட்டிக்கொண்ட புதுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த அவனுடைய அரைக்கால் சட்டையை எடுத்தேன். தொட்டியில் இறங்க அவன் போடுவது அதுதான், தினம் இரண்டு வேளை. சோற்றுப் பானையில் நல்ல தண்ணீர் பிடித்து, அவன் கண் முன்னாலேயே அதை முக்கி நான்கு தடவை அலசினேன். பானை விளிம்புவரை நுரை.

“இதுல எங்கடா என் தைலம்?”

அவன் பானைக்குள் விரலை விட்டு நுரையைத் தேய்த்துப் பார்த்தான்.

“நீ மிச்சம் பிடிச்ச சோப்பெல்லாம் உன் சட்டையில, உன் பொண்டாட்டி சட்டையில ஏறி, தினம் தொட்டிக்குள்ள கரைஞ்சிருக்கு. ஊருக்கெல்லாம் தண்ணி ஊத்தின ஆளு, ஒரு துணிய அலசத் தெரியல உனக்கு.”

“குடிக்கிற தண்ணியில ஏன்க்கா…” என்று ஆரம்பித்தான். பாருங்கள், அப்போதும் ஒரு பானைத் தண்ணீர்தான் அவன் கண்ணுக்குத் தெரிகிறது. பொண்டாட்டி முறைத்த முறைப்பில் வாயை மூடினான்.

ஜெயித்து எனக்கு என்ன கிடைத்தது? தொட்டித் தண்ணீர் கெட்டது கெட்டதுதான். செடிக்கு ஊற்றினால் செடி சாகும். கக்கூஸுக்கும் தரை துடைக்கவும் மட்டும் ஆகும். வாளி வாளியாக நானும் அவளும் சுமந்தோம். எப்படி எண்ணினாலும் புதிதாக ரொப்பினால் சிவப்புச் சீட்டு நிச்சயம். பதினெட்டு நாளில் தொட்டி காலி. காய்ந்த தொட்டிக்குள் தலையணை போட்டு உட்கார்ந்துகொண்டு அவன் வானத்தைப் பார்த்தான். ஒரு மேகம் இல்லை. காலையில் ஏழரைக்கு முன்னால் அவள் மறுபடி குனிந்து செருப்பு மாட்டிவிட ஆரம்பித்தாள்.

அன்றைக்குத்தான் மெஷினில் இருந்த கறுப்பு டேப்பை நகத்தால் கிழித்தேன். பாதி நகம் அதோடு போயிற்று. திருகைப் பழைய இடத்துக்குத் திருப்பித் துணியைப் போட்டேன். மூன்றாவது தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டதும் தொட்டிக்குள்ளிருந்து குரல் வந்தது.

“யாரு அது?”

“நான்தான்டா. முடிஞ்சா எந்திரிச்சு வந்து நிறுத்து.”

வந்தான். தொட்டி விளிம்பைப் பிடித்து, சுவரைப் பிடித்து, செருப்பை இழுத்து இழுத்து, வருவதற்குள் மெஷின் அலசி முடித்துத் தண்ணீரைத் தள்ள ஆரம்பித்துவிட்டது. அவன் நிறுத்தவில்லை. தரையில் கிடந்த கழிவுக் குழாயைக் காலால் நெம்பி வாளிக்குள் விட்டான், கக்கூஸுக்கு ஆகும் என்று. வாளிக்குள் எட்டிப் பார்த்தான்.

“நுரையே இல்லக்கா.”

“இருக்காது” என்றேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு இன்னும் நான்கு வார்த்தை கேட்டிருப்பேன். வாளி நிரம்பிவிட்டது, அடுத்த வாளி வைக்க வேண்டியிருந்தது. அவனால் குனிய முடியாது.