சித்தப்பாவோடு வந்த டேனியல்

சித்தப்பா கடலிலிருந்து திரும்பி வந்தபோது கூடவே இன்னொருவரும் வந்திருக்கிறார் என்பதை எங்கள் வீட்டில் முதலில் கண்டுபிடித்தது நான்தான். அப்போது நான்காம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடப் புயலில் சித்தப்பா போன விசைப்படகு கவிழ்ந்தது. கடியப்பட்டணத்தில் எங்கள் தெரு முழுக்க அழுகையும் செபமாலையுமாக இருந்தது. மறுநாள் ஒவ்வொருவராகக் கரை சேர்ந்தார்கள். வெள்ளைக் கேன் ஒன்றைக் கட்டிப்பிடித்து மிதந்துகொண்டிருந்த சித்தப்பாவைக் கொல்லத்துப் படகு ஒன்று தூக்கிக்கொண்டு வந்தது. ஒருவன் மட்டும் வரவில்லை. அவன் கிழக்கேயிருந்து புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன். எங்கள் தெருவில் யாருக்கும் அவனைத் தெரியாது. அதனால் அவனுக்காக யாரும் தனியாக அழவும் இல்லை.

வீட்டுக்கு வந்த சித்தப்பா வாசலிலேயே நின்றார். அம்மா "சேவியரு, உள்ள வா" என்றாள். அவர் அசையவில்லை. கையைப் பிடித்து இழுத்தபிறகுதான் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, விருந்தாளியைப் போலத் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். அன்றிலிருந்து யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. காதில் தண்ணீர் ஏறியிருக்கும் என்று நாகர்கோவிலுக்குக் கூட்டிப்போனார்கள். எறும்பு நடந்தால்கூட இவருக்குக் கேட்கும் என்று சொல்லி டாக்டர் அனுப்பிவிட்டார். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தார். சித்தியைப் பார்க்கும்போது தலையைக் குனிந்துகொண்டார். "ஏதோ வெளியாளு வந்து தங்கியிருக்கது மாதிரி இருக்கு மைனி" என்று சித்தி அம்மாவிடம் சொல்லி அழுதாள்.

ஒரு மத்தியானம் முற்றத்தில் சிப்பிகளை வரிசையாக வைத்து டீச்சர் விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தேன். என் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களைச் சிப்பிகளுக்கு வைத்து வருகைப்பதிவு எடுத்தேன். அஜின். ஆன்சி. டேனியல்.

"இருக்கேன்ணே."

அறைக்குள்ளிருந்து வந்தது. நான் எட்டிப் பார்த்தேன். கட்டிலில் சித்தப்பா மட்டும் உட்கார்ந்திருந்தார். மறுபடியும் "டேனியல்" என்றேன். அவருடைய உதடுகள் அசைந்தன. "இருக்கேன்ணே." அது சித்தப்பாவின் குரல் இல்லை. சித்தப்பா பேசினால் எங்கள் ஊர்ப் பேச்சின் இழுவை இருக்கும். இது வெட்டி வெட்டிப் பேசுகிற கிழக்கத்திப் பேச்சு. அதுவும் மூக்குச்சளி வழிய நிற்கும் பெண்பிள்ளை என்னைப் பார்த்து அண்ணே!

எனக்குப் பயமாக இல்லை. கூப்பிட்டால் தவறாமல் பதில் சொல்கிற ஒரு மாணவன் கிடைத்த சந்தோஷம்தான் இருந்தது. அம்மா வந்து கேட்டுவிட்டாள். "ஏட்டி, என்ன பேரு சொல்லிக் கூப்பிட்ட?" நான் சொன்னதும் அவள் முகம் வெளுத்தது. படகில் போய் வராதவனின் பெயர் அதுதான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பிறகு தெருவே மருத்துவர் ஆனது. கடைக்கார மாமி மண்டைக்காட்டு அம்மனுக்கு நேர்ந்துகொள்ளச் சொன்னாள். செபக்கூட்டத்துப் பெண்கள் உபவாசம் இருந்து அவனைத் துரத்தலாம் என்றார்கள். சித்தி எங்கள் அறைக்கு வந்து என் பக்கத்தில் படுக்க ஆரம்பித்தாள். அவள் உடம்பு நடுங்குவது பாய்வழியாக எனக்குத் தெரியும். ஆனாலும் துரத்துகிற பேச்சுக்கு அவள் சம்மதிக்கவில்லை. "அடிச்சுத் துரத்தையில எவரு போவாருண்ணு ஆருக்குத் தெரியும்?" என்றாள்.

குவைத்திலிருந்து அப்பாதான் போனில் ஒரு வைத்திய அக்காவைப் பற்றிச் சொன்னார். அந்த அக்கா வட்டக்கோட்டைக்குப் போகிற வழியில் ஒரு வாடகை வீட்டில் இருந்தார். மனநலம் படித்தவர். மருந்து எழுதுவதில்லை. எண்ணெய் தேய்ப்பது, மூச்சுப் பழக்கம், மேளம், களிமண் என்று என்னென்னவோ செய்தார். சித்தி அதைக் கவுன்சிலிங் என்றாள், அம்மா எண்ணெய் உழிச்சல் என்றாள். டேனியல் என்று நான் கூப்பிட்டால் சித்தப்பா எழுந்து வருவார் என்பதால் சனிக்கிழமைதோறும் என்னையும் கூட்டிப்போனார்கள்.

முதல் நாள் அக்கா மெதுவாக மேளத்தைத் தட்டி, "சேவியர், சேவியர்" என்று கூப்பிட்டுப் பார்த்தார். சித்தப்பா காதுகளைப் பொத்திக்கொண்டு மூலையில் சுருண்டார். அக்கா உடனே நிறுத்திவிட்டார். "நான் செஞ்சது தப்பு" என்று சித்தியிடம் சொன்னார். அதன்பிறகு பெயரையே எடுக்கவில்லை. சித்தப்பாவால் மல்லாந்து படுக்க முடியாது. படுத்தால் கைகள் தண்ணீரைத் துழாவுவதுபோல் ஆடும். அக்கா சூடான மணலைத் துணியில் முடிந்து அவருடைய பாதத்திலும் தொடையிலும் வயிற்றிலும் வைத்தார். "இது தரை. கீழே தரை இருக்கு" என்று ஒவ்வொன்றை வைக்கும்போதும் சொன்னார். பல சனிக்கிழமைகள் மணல் மட்டும்தான். ஒருநாள் கைகள் ஆடுவது நின்றது.

அன்று அக்கா என் பக்கம் திரும்பிக் கேட்டார். "இங்க படுத்திருக்கது ஆரு மக்கா?"

"டேனியல்" என்றேன்.

"அப்போ அவர்கிட்டயே கேப்போம். டேனியல், சேவியர் எங்க இருக்கார்?"

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஆனாலும் அந்த அறையில் எனக்குக் குளிரெடுத்தது. சித்தப்பா கண்ணைத் திறக்காமலே பேசினார். "அண்ணன் தண்ணிக்குள்ள இருக்காரு. என்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு. நான் பதில் சொல்லலேன்னா விட்டுருவாருல்ல. நான் கீழ போயிருவேன்."

சித்தி சுவரோடு ஒட்டி நின்றாள். ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் பாயருகே வந்து உட்கார்ந்தாள்.

"நீ எங்க போவணும் தம்பி?"

"அண்ணன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னாரு. எனக்கு வீடு கெடையாதுல்ல. அநாதை இல்லத்துல வளந்தவன். மதினி மீன்கொழம்பு வச்சுத் தருவாங்கன்னு சொன்னாரு."

சித்தி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அடுத்து என்ன செய்வதென்று அக்காவுக்கும் தெரியவில்லை என்றே இப்போது தோன்றுகிறது. சித்திதான் எழுந்தாள். "வா தம்பி, வீட்டுக்குப் போவோம்" என்றாள்.

மறுநாள் நெய்மீன் வாங்கித் தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்தாள். மத்தியானம் இரண்டு தட்டுகளைப் போட்டாள். ஒன்றின் முன்னால் சித்தப்பா உட்கார்ந்தார். மற்றதில் சோறும் நடுத்துண்டு மீனும் வைத்து, சித்தி வாசலுக்குப் போய் நின்று, வெறும் தெருவைப் பார்த்துக் கூப்பிட்டாள். "டேனியலு, வா. ஒனக்குத்தான் வச்சிருக்கேன். இது ஒன் வீடு, வந்து சாப்பிடு."

நான் சித்தப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் வரவில்லை. வாசல் திரை ஒருமுறை உள்பக்கமாக உப்பி, அடங்கியது. சித்தப்பா வாசலிலிருந்து அந்தத் தட்டு வரைக்கும் எதையோ கண்களால் பின்தொடர்ந்தார். அம்மா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். நாங்கள் யாரும் அந்தத் தட்டுப் பக்கம் போகவில்லை.

பிறகு சித்தி திரும்பி, "சேவியரு" என்றாள். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவள் அவரைப் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை.

"ஆங்" என்றார் சித்தப்பா. எங்கள் ஊர் ஆங். உடனே தட்டின்மேல் கவிழ்ந்து அழத் தொடங்கினார். அம்மா ஓடிவந்து அவருடைய தலையைப் பிடித்துக்கொண்டாள்.

கொஞ்சம் கொஞ்சமாக, பல மாதங்களில், நடந்ததைச் சொன்னார். புயல் இரவில் இருவரும் ஒரே கேனைப் பிடித்திருந்தார்கள். உறங்கிப்போனால் கை விட்டுவிடும் என்று மாறி மாறிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு கட்டத்தில் அவனிடமிருந்து பதில் இல்லை. அதற்குப் பிறகு கூப்பிட்டதும் பதில் சொன்னதும் சித்தப்பா ஒருவரேதான். அவருடைய பெயரைக் கூப்பிட அங்கே யாருமில்லை.

எல்லோரும் சித்தப்பா திரும்பி வந்துவிட்டார் என்று சந்தோஷப்பட்டார்கள். நான் மட்டும் முற்றத்தில் சிப்பிகளை வைத்துக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சித்திமேல் கோபமாக இருந்தேன். என் டேனியலை அவள் மீன் போட்டு ஏமாற்றி அனுப்பிவிட்டாள் என்று எனக்கு நினைப்பு.

மீன்குழம்பு வைத்த அந்த வாரமே சித்தி என்னைக் கூட்டிக்கொண்டு எங்கள் பங்குக் கோவிலுக்குப் போனாள். டேனியலின் ஆத்துமாவுக்காக ஒரு பூசை சொல்ல வேண்டியிருந்தது. பங்குச் சாமியார் புதியவர். "இறந்தவர் உங்களுக்கு என்ன முறை?" என்று கேட்டார்.

"கொழுந்தன், சாமி" என்றாள் சித்தி. கொஞ்சமும் யோசிக்கவில்லை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வீட்டில் சித்தப்பாதான் கடைக்குட்டி. அவருக்குத் தம்பி ஏது? கோவிலுக்குள் நின்று, அதுவும் சாமியாரிடமே, சித்தி துணிந்து பொய் சொல்கிறாள். சேலையைப் பிடித்து இழுத்தேன். அவள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாளே தவிர, சொன்னதைத் திருத்தவில்லை. இந்தப் பொய்யை அவள் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லியாக வேண்டுமே, சொல்வாளா, மாட்டாளா என்பதுதான் வீடு வந்து சேரும்வரை என் கவலையாக இருந்தது.