என் இஸ்திகாராவும் நிறம் தெரியாத கனவும்

அன்புச் சகோதர சகோதரிகளே, போன வருடம் இந்நேரம் நான் உடைந்துபோயிருந்தேன்.

குடவாசல் பக்கத்துக்காரன் நான். விலங்கியல் கடைசி வருடம். உயிரியல்தான் என் வாழ்க்கை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன். செய்முறைத் தேர்வில் நுண்ணோக்கியைக் காட்டி, ஊதாவாகத் தெரிவது எது என்று கேட்டார்கள். எனக்கு எல்லாமே சேற்று நிறம். சிரித்துச் சமாளித்தேன். சிரிப்புக்கு மார்க் இல்லை.

கண் மருத்துவர் புள்ளிப்படம் ஒன்றை நீட்டி, உள்ளே என்ன எண் என்றார். “எண்ணெல்லாம் இல்ல டாக்டர், யாரோ புளிசோத்தக் கொட்டியிருக்காங்க” என்றேன். அவர் சிரிக்கவில்லை. சிவப்பும் பச்சையும் பிரித்தறியாத கண், பிறவியிலேயே. மருந்து கிடையாது.

துபாயிலிருந்து மச்சான், அக்கா வீட்டுக்காரர், சூப்பர் மார்க்கெட்டில் வேலை தயார், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல் என்றார். அத்தாவுக்கும் அதுதான் சரியென்று பட்டது. முதுகலை விண்ணப்பத்தை அனுப்பாமலே வைத்திருந்தேன். பகலெல்லாம் எல்லோரையும் சிரிக்கவைப்பேன். தொழுகைக்குமுன் கைகால் முகம் கழுவி ஒளு செய்யும்போது மட்டும் அழுவேன். நனைந்த முகத்தில் யாருக்கும் தெரியாது.

இரண்டில் எது நல்லது என்று அல்லாஹ்விடம் கேட்டு இஸ்திகாரா தொழுதேன். தொழுதுவிட்டுப் படுத்தால் கனவு வரும், பச்சை தெரிந்தால் சரி, சிவப்பு தெரிந்தால் வேண்டாம் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. கனவும் வந்தது. வயலுக்கு மேலே நீளமாக ஒரு துணி பறந்தது. விடியலில் சுப்ஹு தொழுகைக்கு எழுப்பிய அம்மா ஆவலாகக் கேட்டார்.

“என்ன கலருப்பா?”

“பச்சைன்னா பச்சை. சிவப்புன்னா சிவப்பு.”

அம்மா என்னையே பார்த்தார். “உங்கிட்டப் போய்க் கேக்குறேன் பாரு” என்று சிரித்தவர், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பதில் வந்தும் அதைப் பார்க்கக் கண் இல்லையே என்று அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் எங்கள் பேராசிரியை, தவளைகளைக் கணக்கெடுக்கக் குறுவை வயலுக்கு வரச்சொன்னார். பொழுது சாய்ந்ததும் மஃரிப் தொழுதுவிட்டு அரைமனதாகப் போனேன். மற்றவர்கள் டார்ச் அடித்துத் தேட, நான் வரப்பில் சும்மா நின்றேன். நாலா பக்கமும் கத்தல்.

“இது வேற, அது வேற மேடம். அந்த மூலையில கத்துறது இன்னொன்னு” என்றேன். வாத்தியார்களைப்போல் பேசிக்காட்டித் திட்டு வாங்கிய வாயால் மூன்றையும் கத்திக் காட்டினேன். ஒன்று பதிலுக்குக் கத்தியது.

மேடம் டார்ச்சை அணைத்தார். “பாக்காமயே சொல்றியேடா. குரலை வச்சுக் கணக்கெடுக்கத்தான் எனக்கு ஆள் வேணும். எங்கிட்டயே எம்.எஸ்ஸி. சேர்றியா?”

வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது. வயலில் நின்ற நேரம் முழுக்க, நிறம் கேட்பார்களோ என்ற பயமே எனக்கு இல்லை. இஸ்திகாராவில் ஓதும் துஆவின் தமிழ் அர்த்தத்தை எடுத்துப் படித்தேன். ‘கனவு காட்டு’ என்று அதில் எங்குமே இல்லை. ‘நல்லதானால் இதை எனக்கு எளிதாக்கு’ என்றுதான் இருக்கிறது. அவன் எளிதாக்கிவிட்டான். நான்தான் துணிக்கு நிறம் தேடிக்கொண்டிருந்தேன்.

மச்சானிடம் வரவில்லை என்று சொன்னேன். போனை வைத்தவர் வெகுநாள் பேசவில்லை. இன்றும் சாயமேற்றிய திசுவைப் பார்க்க நண்பன்தான் துணை. படித்து முடித்தால் வேலை கிடைக்குமா என்ற கவலையும் போகவில்லை. ஆனால் ஒளு செய்யும்போது இப்போது அழுவதில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

குழப்பத்தில் இருப்பவர்களே, நீங்களும் அவனிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு என்னைப்போல் கனவுக்காகப் படுத்துக் கிடக்காதீர்கள். எழுந்து அன்றைய வேலைக்குப் போங்கள். எந்தக் கதவு லேசாகத் திறக்கிறதோ, பிஸ்மில்லாஹ் சொல்லி உள்ளே போங்கள்.